ஓரத்து சீட்டு

மார்கழிக் கச்சேரிக்கு இந்த வருஷம்தான் முதன்முதலாகப் போகப்போகிறேன் என்று சொன்னதுதான் தாமதம், உறவுக்காரர்கள் எல்லாரும் வாத்தியார் ஆகிவிட்டார்கள். நேற்று ராத்திரி அத்திம்பேர் போன். எடுத்த எடுப்பில் உபதேசம்:

"டேய், ஓரத்து சீட்டாப் பாத்து வாங்கு. தனி ஆரம்பிச்சா எழுந்துக்க சௌகரியம்."

தனி என்றால் தனி ஆவர்த்தனம், பாட்டு நின்று தாளவாத்தியக்காரர்கள் மட்டும் வாசிக்கும் பகுதி. பாட்டுக் கேட்கப் போகிறவனுக்கு முதல் பாடமே எப்போது எழுந்து ஓடுவது என்பதுதான்! ரேடியோவில் கேட்டே காலத்தை ஓட்டியவன் நான். ரேடியோவில் யாரும் எழுந்து போகிற சத்தம் கேட்டதில்லை.

     

ஒரு வரிசைக்கு இரண்டே ஓரம். சபா முழுக்க எழுந்துகொள்ளப் போகிறது என்றால் நடுவில் மாட்டிக்கொண்டவர் கதி? அதற்கும் அத்திம்பேரிடம் பயிற்சி உண்டு. வர்ணத்தின்போதே பை மடிக்கு வந்துவிட வேண்டும். மெயின் ராகத்தை ஆலாபனை செய்யும்போது காலால் துழாவிச் செருப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். நிரவலில் முழங்காலை வழிப்பக்கம் திருப்ப வேண்டும். கல்பனாஸ்வரம் உச்சிக்குப் போனதும் கைப்பிடியை இறுகப் பற்ற வேண்டும். பாடகர் மிருதங்கத்தைப் பார்த்துத் தலையசைத்தாரோ, கிளம்பு! அடுத்தவர் காலை மிதித்தால் "சாரி மாமா" போதும். கீரைவடை தீர்ந்துபோவதற்குள் கேன்டீன் போய்ச் சேர வேண்டும். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் கச்சேரிக்கு ஒரு வடிவம் கொடுத்தாரே, அது டிபனுக்கு நேரம் ஒதுக்கத்தான் என்று அத்திம்பேர் மனதார நம்புகிறார்.

அந்த நேரத்தில் மேடையில் நடப்பது என்ன? கஞ்சிராக்காரர் தோலில் தண்ணீரைத் தடவி, தட்டிப் பார்த்து, மறுபடி தடவிச் சுருதி இறக்குகிறார். மிருதங்கமும் கஞ்சிராவும் மாறிமாறி வாசித்து, ஆவர்த்தனங்களைக் குறைத்துக்கொண்டே வந்து, மோரா, கோர்வை என்று கணக்கைக் கட்டி, பல்லவி எடுப்பில் பிசகாமல் வந்து விழுகிறார்கள். பல வருஷ சாதகம். அதைப் பார்க்க எதிரே இருப்பவை காலி நாற்காலிகளும் முதுகுகளும். கோர்வை முடிந்து கைதட்டல் கேட்டதும் முதுகுகள் திரும்பி வருகின்றன, ஏப்பத்தோடு. "முடிஞ்சுதா? அப்பாடா, துக்கடாவுக்கு வந்துட்டோம்."

"அத்திம்பேர், தனி நன்னா இருக்குமாமே?" என்று கேட்டேன்.

"நன்னாத்தான் இருக்கும். நான் கேட்டதில்லை" என்றார். இத்தனை வருஷ சீசன் அனுபவம்!

1928இல் மியூசிக் அகாடமியை ஆரம்பித்தவர்கள் சங்கீதத்தை வளர்க்கத்தான் ஆரம்பித்தார்கள். நடுவில் எழுந்து போகிறவர்களுக்கு வசதி செய்ய அல்ல. பக்கவாத்தியக்காரரும் கண் உள்ளவர்தான், எதிரே யார் எழுந்து போகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். புண்ணியமாகப் போகும், தனி முடிகிற வரைக்கும் உட்காருங்கள். காபி ஆறிப்போனால் வேறு காபி வாங்கிக்கொள்ளலாம்.