டெரோசியோ நடத்திய குடிமைப் பாடம்

கேள்வி: பள்ளிப் பிள்ளைகளுக்குப் பணிவைக் கற்பிக்க வேண்டுமா, கேள்வி கேட்பதையா?

பதில்: கொல்கத்தா இந்து கல்லூரியில் இந்த வழக்கு 1831லேயே நடந்தது. 1817இல் நகரத்துப் பெரிய மனிதர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய கல்லூரி அது. அங்கே ஆசிரியராக வந்த ஹென்றி டெரோசியோவுக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. 1828இல் அவர் தொடங்கிய விவாத மன்றத்தில் மாணவர்கள் விதி, சிலை வழிபாடு, கடவுள் என எல்லாவற்றையும் அலசினார்கள். ஊர் கொதித்தது. கடவுள் மறுப்பைப் போதிக்கிறார், பெற்றோருக்குக் கீழ்ப்படிய வேண்டாம் என்கிறார் என்று புகார் கிளம்பியது. அவரை விசாரிக்காமலேயே நிர்வாகம் விலக்க முடிவு செய்தது. ஏப்ரலில் ராஜினாமா செய்தார்.

அவர் தந்த விளக்கம்தான் முக்கியம். தத்துவவாதி ஹியூமின் ஐயவாதத்தைக் கற்பித்தது உண்மை. அதற்கு ரீடும் ஸ்டூவர்ட்டும் எழுதிய மறுப்புகளையும் சேர்த்தே கற்பித்தார். இரு தரப்பையும் கேட்டு மாணவன் தானே முடிவுக்கு வருவதைவிட நல்ல குடிமைப் பாடம் வேறில்லை. அவரைக் கேளாமலே தீர்ப்பு எழுதியவர்கள் நடத்தியது நேர்மாறான பாடம்.

அதே ஆண்டு டிசம்பரில் காலரா அவரைக் கொண்டுபோனது, வயது 22. அவருடைய பாடம் மாணவர்களிடம் நின்றது. அவர்களில் ரசிக் கிருஷ்ண மல்லிக், கங்கை நீரின் புனிதத்தில் நம்பிக்கை இல்லை என்று நீதிமன்றத்திலேயே சொன்னவர். இன்னொருவர் ராதாநாத் சிக்தார், எவரெஸ்டின் உயரத்தைக் கணக்கிட்டார். மற்றொரு மாணவர் தட்சிணாரஞ்சன் முகர்ஜி, பெதூன் பெண்கள் பள்ளிக்கு நிலம் கொடுத்தார்.