கெடுதல் விகாரமும் ஸ்டார்ட் பொத்தானும்

விகாரம் மூன்று என்கிறது நன்னூல்: தோன்றல், திரிதல், கெடுதல். இரண்டு சொற்கள் சேருமிடத்தில் புது எழுத்தொன்று முளைக்கலாம், இருந்த எழுத்து வேறொன்றாகலாம், இல்லையேல் அடையாளமின்றிப் போய்விடலாம். 13ஆம் நூற்றாண்டுப் பவணந்தி முனிவர் மென்பொருள் அப்டேட்டை மனதில் வைத்து இதை வகுத்திருக்க நியாயமில்லை. ஆனாலும் அப்டேட்டை விளங்கிக்கொள்ள அவர் இலக்கணம் உதவுமளவுக்குக் கொம்பனிக்காரரின் கையேடு எதுவும் உதவுவதில்லை. கேளாமலே வந்து குந்தியிருக்கும் செயற்கை நுண்ணறிவுப் பொத்தான் தோன்றல். பழகிய சின்னம் நிறமும் உருவமும் மாறி நிற்பது திரிதல். நேற்றுவரை வேலை செய்த ஒன்று விடியும்போது இல்லாமற்போவது கெடுதல். இவ்வாய்வு மூன்றாவதைப் பற்றியது. மற்ற இரண்டோடும் மனிதர் எப்படியோ சமாளித்துக்கொள்கிறார்கள்.

ஆய்வுக்களம், அக்கரைப்பற்றை ஒட்டிக் கிடக்கும் ஆலையடிவேம்பில் ஒரு கொமினிகேஷன். போட்டோகொப்பி, ரீலோட், பாஸ்போர்ட் சைஸ் படம், தமிழ் டைப்பிங் எல்லாம் ஒரே அறைக்குள். மேசையில் இரண்டு கணினிகள். புதியதில் விண்டோஸ் 11, இணையத்தோடு. பழையதில் விண்டோஸ் 7. அதன் நெட்வேர்க் வயர் பிடுங்கப்பட்டு, ரப்பர் பட்டியால் சுற்றி, மொனிட்டருக்குப் பின்னால் செருகப்பட்டிருக்கிறது. அந்த வயர் எதற்காகப் பிடுங்கப்பட்டது என்பதே இவ்வாய்வின் மையக் கேள்வி.

காலை பத்து மணியளவில் அக்கரைப்பற்றுக் காக்கா ஒருவர் காணிக் கடிதமொன்றுக்காக வருகிறார்.

“போன கிழமை அடிச்ச அதே கடிதம்தான் தங்கச்சி. திகதிய மட்டும் மாத்தித் தாங்க.”

“கொஞ்சம் இருங்க காக்கா. ராத்திரி அப்டேட் அடிச்சிருக்கு. கொப்பி எண்ட சொல்லையே காணல்ல.”

“சொல்லு எங்க புள்ள போகும்?”

சொல் உண்மையிலேயே போயிருந்தது. 2021 ஒக்டோபர் 5 அன்று விண்டோஸ் 11 வெளிவந்தபோது, ஒரு கோப்பின் மேல் வலது கிளிக் செய்தால் வெட்டு, நகல், ஒட்டு என்ற சொற்களுக்குப் பதிலாகச் சின்னஞ்சிறு படங்களே வந்தன. பழைய பட்டியலின் பெரும்பகுதி, ‘மேலும் தெரிவுகளைக் காட்டு’ என்ற ஒரு வரிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. இலக்கணத்தில் இதற்குத் தொகை என்று பெயர். ‘வயல்வேலை’ என்றால் ‘இல்’ எங்கே என்று யாரும் தேடுவதில்லை. உருபு மறைந்திருந்தாலும் பொருள் தெரிகிறது. கணினித் தொகையில் பொருளும் சேர்ந்தே மறைகிறது. விரித்துப் பார்க்க மேலதிகமாக ஒரு கிளிக் கேட்கிறது. சொற்கள் படங்களின் கீழே திரும்பி வர வருடங்கள் எடுத்தன.

முழுக்கேட்டுக்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு ஸ்டார்ட் பொத்தான். 1995 ஆகஸ்ட் 24 தொடக்கம் திரையின் இடது மூலையில் இருந்தது. 2012 ஒக்டோபரில் விண்டோஸ் 8 அதை எடுத்துவிட்டது. கணினியை நிறுத்துவதற்கும் ‘ஸ்டார்ட்’டையே அமுக்கவேண்டும் என்ற முரணை 17 வருடம் பொறுத்துப் பழகிய விரல்கள், வெறும் மூலையைத் தட்டிக்கொண்டிருந்தன. அடுத்த வருடம் 8.1இல் பொத்தான் திரும்பியது. அமுக்கினால் பழைய பட்டியல் வரவில்லை. அது வர 2015 ஜூலையில் விண்டோஸ் 10 பிறக்கவேண்டியிருந்தது. கெட்ட எழுத்து பொதுமக்கள் கூச்சலுக்கு இரங்கித் திரும்பி வரும் என்று நன்னூலில் விதி கிடையாது. இந்த ஒரு விடயத்தில் மைக்ரோசொப்ட், பவணந்தியாரை விட இளகிய மனமுடையது.

எப்போதும் அப்படியல்ல. ஒஃபிஸ் 2007 பழைய மெனுக்களைத் தூக்கிவிட்டு ரிபன் என்ற பொத்தான் பட்டையைக் கொண்டுவந்தபோது பழையதுக்குத் திரும்ப வழியே வைக்கவில்லை. 1995இலிருந்து கூட இருந்த வேர்ட்பாட், 2024இல் விண்டோஸ் 11இன் புதிய பதிப்பிலிருந்து நீக்கப்பட்டது. திரையின் மேலோ பக்கத்திலோ வைத்துக்கொள்ளக்கூடியதாயிருந்த டாஸ்க்பார், விண்டோஸ் 11இல் அடியில் ஆணியடித்து வைக்கப்பட்டது. அதை நகர்த்தக் கேட்பவர்கள் குறைவு என்பது 2022இல் சொல்லப்பட்ட விளக்கம். கேட்பவர்களைத் தவிர மற்றவர்களுக்கு இதில் முறைப்பாடு இல்லை என்பது உண்மைதான்.

இனி வேற்றுமை. ஆறாம் வேற்றுமைக்குப் பொருள் கிழமை, அதாவது உடைமை. அது இரண்டு வகை. ‘எனது கை’ என்பதில் கை என்னைவிட்டுப் பிரியாதது, ஆகவே தற்கிழமை. ‘எனது வீடு’ பிரியக்கூடியது, ஆகவே பிறிதின்கிழமை. வருடக்கணக்காகப் பாவித்த மென்பொருளைப் பாவனையாளர் தன்னையறியாமலே முதலாவது வகையில் சேர்த்துவிடுகிறார். உரிம ஒப்பந்தமோ, இது விற்கப்படவில்லை, பாவிக்க உரிமம் மட்டுமே தரப்படுகிறது என்கிறது. அந்த ஒப்பந்தத்தை முழுக்க வாசித்தவர் எவரும் களத்தில் அகப்படவில்லை. காசு கொடுக்காமலே விண்டோஸ் போட்டுக்கொண்டவர்களின் கிழமை தனிக் கட்டுரைக்குரியது.

சந்தேகமுள்ளவர்கள் ஒரே ஒரு சின்னத்தின் வரலாற்றைப் பார்த்தால் போதும். விண்டோஸ் 95இல் அதன் பெயர் ‘மை கொம்பியூட்டர்’. 2007இல் விஸ்டா வந்தபோது ‘கொம்பியூட்டர்’. 2013இல் 8.1 வந்தபோது ‘திஸ் பிசி’. ‘என்’ முதலில் கெட்டது. பிறகு அந்த இடத்தில் ‘இந்த’ தோன்றியது. உடைமை போய்ச் சுட்டு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

அப்படியானால் பாவனையாளருக்குத் தற்கிழமையாக எதுதான் மிச்சம்? டைப்பிங் தங்கச்சியின் விரல்கள். யளனகபாதமட என்ற நடுவரிசையை அவை கண்ணை மூடிக்கொண்டு ஓதும். சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா, 247 எழுத்தையும் ஒரு சிறு தட்டச்சுப் பலகைக்குள் அடக்கப் பட்ட பாட்டிலிருந்து தொடங்கிய மரபு அது. பாமினி எழுத்துருவும் அந்தத் தட்டச்சு வழியில் வந்ததுதான். ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து விசையைத் தட்டினால் ‘தமிழ்’ வரும். ‘கொ’ வேண்டுமென்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு அரவு, கையால் எழுதும் அதே ஒழுங்கில். தட்டச்சு இயந்திரத்தில் ஒரு விசை போனால் குற்றவாளி எலியோ துருவோ, கண்ணால் பார்த்துவிடலாம். இரவோடிரவாக ‘ஞ’வை யாரும் ‘மேலும்’ என்பதற்குள் கொண்டுபோய் வைக்கவில்லை.

பாமினிக்காக மட்டும் கண்ணீர் விடுவதும் நேர்மையல்ல. அது உள்ளே ஆங்கில எழுத்து, மேலே தமிழ்ச் சட்டை. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் சட்டை கழன்றுவிடும். காக்காவின் கடிதத்தை மின்னஞ்சலில் வாங்கிய ஓர் அலுவலகம், “இது என்ன பாஷை?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்தது. யுனிகோட்டுக்குப் போகத்தான் வேண்டும். 2008இல் வந்த எஸ்எல்எஸ் 1326 என்ற இலங்கைத் தரம், தட்டச்சு ஒழுங்கைத் தழுவிய ரெங்கநாதன் விசைப்பலகையைத் தேர்ந்தது விரல்களுக்குச் செய்த மரியாதை. ஆனால் விண்டோஸோடு கூடவே வரும் தமிழ்ப் பலகை வேறு ஒழுங்கு. அதில் க முதலில், உயிர்க்குறி பின்னால். கொம்பு முதலில் என்று பழகியவருக்கு அது மாட்டுக்கு முன்னால் வண்டியைப் பூட்டிய கதை.

மறுதரப்பான கொம்பனிக்காரருக்கும் கணக்குண்டு. ஆம், இல்லை என்று 10 தெரிவுகள் வைத்தால் 1,024 விதமான சேர்க்கைகளைச் சோதிக்கவேண்டும். 20 வைத்தால் 10,48,576. 2017 நவம்பரில் ஃபயர்ஃபொக்ஸ் 57 தன் பழைய துணைநிரல்களையெல்லாம் கைவிட்டபோது, அவை உலாவியின் உள்ளுறுப்பு எதையும் தொடக்கூடியவை, ஒன்றைத் திருத்தினால் பத்து உடைகிறது என்ற நியாயம் இருந்தது. நியாயம் சரி. உடைந்த பத்தில் ஒன்று யாரோ ஒருவர் தினமும் பாவித்தது.

கெடுதலுக்கு எதிராக மனிதகுலம் கண்ட பரிகாரங்களில் மிக மானமுள்ளது லினக்ஸ்காரர்களுடையது. 2011இல் லினக்ஸ் திரைச்சூழலான குனோம் 3 பழைய திரையமைப்பை மாற்றியபோது, ஆர்ஜென்டீனாக்காரர் ஒருவர் பழைய குனோமைப் பிரித்தெடுத்து, ஊர்ப் பானமான மாத்தேயின் பெயரை வைத்துத் தொடர்ந்து நடத்தத் தொடங்கினார். ஆலையடிவேம்பின் பரிகாரம் அதைவிட மலிவு. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிந்தது. அதாவது இனி அதை மேம்படுத்த எவரும் வரமாட்டார்கள். கடையில் அது நல்ல செய்தியாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. வயர் பிடுங்கப்பட்டது முன்னெச்சரிக்கைக்கு.

தங்கச்சி கதிரையைப் பழைய கணினிப் பக்கம் இழுத்தார். கொம்பு, க, அரவு. திகதி மாறியது, பிரிண்டர் முனகியது, கடிதம் வந்தது.

“இதில நெட் இல்லியா புள்ள?”

“வயரப் புடுங்கித்தான் வச்சிருக்கன் காக்கா. இல்லாட்டி இதையும் மாத்திப்போடுவானுகள்.”

காக்கா கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு தன் போனை எடுத்து, அப்டேட் தயார், இன்றிரவு நிறுவப்படும் என்றிருந்த திரையைத் தங்கச்சி பக்கம் திருப்பினார்.

“இதுக்குப் புடுங்க வயர் எதுவும் இரிக்கா?”