அறுபதுக்கு நாற்பது

புதுச்சேரிப் பெரியாஸ்பத்திரிக்குப் போவதென்றால் அந்த நாளில் கையில் ஒரு பாட்டில் இருந்தாக வேண்டும். பணம் கேட்க மாட்டார்கள், காகிதம் கேட்க மாட்டார்கள், பாட்டில் கேட்பார்கள். எங்கள் வீட்டுப் பாட்டில் ஏதோ ஒரு பிரெஞ்சு ஒயின் பாட்டில். அம்மா சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்து லேபிள் போய்விட்டது, வாசனை மட்டும் போகவில்லை. அப்பாவின் சைக்கிள் பாரில் உட்கார்ந்து, அதை மார்போடு அணைத்துக்கொண்டு, முத்தியால்பேட்டையிலிருந்து பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போவேன். கம்பவுண்டர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் பாட்டிலை வாங்கி, சிவப்புத் தண்ணீரை ஊற்றுவார். நீளமான காகிதத்தைக் கத்தரிக்கோலால் பல் பல்லாக வெட்டிப் பாட்டிலின் விலாவில் ஒட்டுவார். ஒரு பல் ஒரு வேளைக்கு. காய்ச்சலுக்கும் அதே சிவப்பு, வயிற்று வலிக்கும் அதே சிவப்பு.

1961-ஆக இருக்க வேண்டும். "இது யார் காசுப்பா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"சர்க்கார் காசு."

"எந்த சர்க்கார்?"

அப்பா பதில் சொல்லாமல் பெடலை மிதித்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர 170 பேர், வேண்டாமென்று 8 பேர். எங்கள் ஊர் கண்ட முதல் விகிதம் அது. நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. ஆனால் சட்டப்படி பிரான்ஸ் எங்களை விட்டது 1962 ஆகஸ்ட் 16-இல்தான். இடைப்பட்ட எட்டு வருஷம் நாங்கள் நடப்பில் இந்தியா, காகிதத்தில் பிரான்ஸ். அந்தச் சிவப்புத் தண்ணீரில் எந்த நாட்டுப் பங்கு எத்தனை சொட்டு என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. அளக்க வேண்டிய அவசியமும் இல்லை, காய்ச்சல் இறங்கியது.

பின்னாளில் நான் நேரு வீதியில் ஒரு ஜவுளிக் கடையில் நாற்பது வருஷம் கணக்கு எழுதினேன். எதைப் பார்த்தாலும் பற்று எங்கே, வரவு எங்கே என்று கண் தேடும். ஆகவே சொல்கிறேன்: அந்த ஆஸ்பத்திரிச் சீட்டில் ரூபாய் என்றொரு கட்டமே கிடையாது.

1962-இல் வீட்டில் ஒரு கணக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், எழுதிக் கொடுக்காதவர்கள் இந்தியர்கள். பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து இந்தோசீனா போய் வந்தவர். எங்கள் தெருவில் அவருக்குப் பெயரே சொல்தா, பிரெஞ்சில் சிப்பாய். அவர் எழுதிக் கொடுத்தார். அப்பா ரோடியர் மில்லில் தறி ஓட்டியவர். எழுதிக் கொடுக்கப் போக வேண்டிய அன்றைக்கு அவருக்கு ராத்திரி ஷிப்ட், தூங்கிவிட்டார் என்று அம்மா சொல்வாள். "நான் ஏன் இன்னொருத்தன் ஊருக்கு எழுதிக் குடுக்கணும்?" என்பது அப்பா சொன்ன காரணம். எது உண்மையோ, ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் ஆறு மாதத்தில் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனார்கள்.

அடுத்த வருஷம், 1963 ஜூலை 1 அன்று, எங்களுக்குச் சட்டமன்றம் வந்தது. யூனியன் பிரதேசம்தான், ஆனாலும் சட்டமன்றம் உண்டு. இன்று 30 பேரை நாங்கள் தேர்ந்தெடுக்கிறோம், 3 பேரை டெல்லி நியமிக்கிறது. சட்டமன்றம் வந்த அன்று வெடி வெடித்தது நினைவிருக்கிறது. அதற்கு ஒரு விலை இருக்கிறது என்பது எனக்குத் தெரிய 55 வருஷம் ஆயிற்று.

1964-இல் கோரிமேட்டில் ஜிப்மர் ஆஸ்பத்திரி வந்தது. 1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளிதான் அதற்கு வேர். 1956-இல் இந்திய அரசு எடுத்துக்கொண்டு தன்வந்திரி மருத்துவக் கல்லூரி என்றது. புதுக் கட்டடத்தைக் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தபோது ஜவஹர்லால் பெயர் ஏறியது. முழுச் செலவும் டெல்லி. விழுப்புரம், கடலூர் என்று சுற்றுப்பட்டு ஜனமெல்லாம் வந்து வரிசையில் நின்றது. யாரிடமும் நீ எந்த ஊர், உன் பங்கை யார் கட்டுவார் என்று கேட்கவில்லை.

பங்கு என்ற வார்த்தையை நான் முதலில் கேட்டது அப்பாவின் ஈ.எஸ்.ஐ. தொழிலாளர் காப்பீட்டு விஷயத்தில். சம்பளத்தில் கொஞ்சம் பிடிப்பார்கள், முதலாளி கொஞ்சம் போடுவார். மருத்துவச் செலவை ஈ.எஸ்.ஐ. கழகமும் மாநில அரசும் பிரித்துக்கொள்ளும்: எட்டில் ஏழு கழகத்துக்கு, ஒன்று மாநிலத்துக்கு. அப்பாவுக்கு இது கடைசிவரை தெரியாது. மாத்திரை கிடைத்தது, விழுங்கினார். மில் 2020-இல் ஒரேயடியாக மூடப்பட்டபோது அப்பா இல்லை.

இப்போது இந்தக் காலத்துக்கு வருகிறேன்.

போன பொங்கலுக்கு மூன்று பேர் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். சொல்தா பெரியப்பாவின் மகன், பாரிஸுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் அண்ணன். கோட்டக்குப்பத்தில் வாக்கப்பட்ட என் அக்கா. அப்புறம் நான். அக்கா வீடு எங்கள் தெருவிலிருந்து நடந்தே போகிற தூரம், ஆனால் தமிழ்நாடு. பேச்சு மூட்டுவலியில் தொடங்கிக் காப்பீட்டில் வந்து நின்றது. வயதானவர்கள் கூடினால் வேறெங்கே போகும்? மூன்று பேரும் அட்டையை எடுத்துப் பாயில் வைத்தோம், சீட்டாட்டம் மாதிரி.

அண்ணனுடையது பச்சை. வித்தால் கார்டு. "டாக்டருக்கு நூறு குடுத்தா எழுபது செக்யுரித்தே சொசியால் திருப்பித் தரும். பாக்கி முப்பதுக்கு நாமளே தனியா ஒரு காப்பீடு வெச்சுக்கணும்" என்றார். 1945-இல் போர் முடிந்த கையோடு பிரான்ஸ் கொண்டுவந்த சமூகப் பாதுகாப்பு ஏற்பாடு.

"இங்க காட்டினா எடுத்துப்பாங்களா?" என்று கேட்டேன்.

"இங்க இது புக்குல அடையாளம் வைக்கத்தான் ஆகும்."

அக்கா தன் அட்டையைத் தட்டினாள். "எனக்கு இந்த விகிதமெல்லாம் தெரியாதுடா தம்பி. மொதல்ல கலைஞர் காப்பீடுன்னாங்க. அப்புறம் அம்மா காப்பீடுன்னாங்க. இப்ப முதல்வர் காப்பீடு. கார்டு மாறிக்கிட்டே இருக்கு, என் முட்டி மட்டும் அப்படியே இருக்கு."

அக்கா சொன்னதில் ஒரு வரலாறு இருக்கிறது. 2009-இல் கருணாநிதி அரசு குடும்பத்துக்கு ஒரு லட்சம் என்று ஆரம்பித்தது. 2012-இல் ஜெயலலிதா அரசு அதை மாற்றி எழுதியது. 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீடு வந்தபோது இரண்டையும் இணைத்தார்கள். டெல்லி தன் பங்கைக் கொடுப்பது 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பில் ஏழை என்று குறிக்கப்பட்ட குடும்பங்களுக்கு மட்டும். அதற்கு மேல் தமிழ்நாடு சேர்த்துக்கொண்ட குடும்பங்களுக்கு முழுச் செலவும் சென்னை. அக்கா எந்தப் பட்டியலில் இருக்கிறாள் என்பது அக்காவுக்குத் தெரியாது. கார்டைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது.

என்னுடையது 70 வயது கார்டு. 2018-இல் ஆயுஷ்மான் வந்தபோது எனக்கு இடமில்லை. நகரத்தில் அந்தக் கணக்கெடுப்பு தொழிலைப் பார்த்தது: குப்பை பொறுக்குபவர், வீட்டு வேலை செய்பவர், தெருவோர வியாபாரி என்று 11 வகை. அதில் கணக்கு எழுதுபவன் இல்லை. ஏழையாக இருந்தால் போதாது, சரியான தொழிலில் ஏழையாக இருக்க வேண்டும். 2024 அக்டோபரில் 70 வயது ஆனவர்களுக்கு வருமானம் பார்க்காமல் உண்டு என்று சொன்னார்கள். வயதாவது ஒன்றுதான் என் தகுதி. அதை மட்டும் ஒழுங்காகச் செய்திருந்தேன்.

அண்ணன் கேட்டார்: "உன்னோடதுல எத்தனைக்கு எத்தனை?"

"அறுபதுக்கு நாற்பது" என்றேன். கணக்குக்காரன் அல்லவா, விளக்காமல் விட முடியுமா? டெல்லி 60, மாநிலம் 40. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 90-க்கு 10. சட்டமன்றம் இல்லாத யூனியன் பிரதேசங்களுக்கு 100 வரை டெல்லியே. சட்டமன்றம் உள்ள யூனியன் பிரதேசம் என்றால் மற்ற மாநிலங்கள் மாதிரி 60-க்கு 40. இது 2018-இல் வகுத்த விதி. திட்டம் தொடங்கியபோது ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,052 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்து மத்தியப் பங்கைக் கணக்கிட்டார்கள். ஒரு துண்டுத்தாளில் போட்டுப் பார்த்தேன்: டெல்லி 631 ரூபாய் 20 காசு, நாங்கள் 420 ரூபாய் 80 காசு.

"அப்ப லட்சத்தீவுல பொறந்திருந்தா?"

"இந்த 420 கிடையாது."

1963-இல் வெடித்த வெடியின் விலை அதுதான். இதில் வேடிக்கை என்னவென்றால், வாங்குகிற இடத்தில் நாங்கள் மாநிலம் இல்லை. மத்திய வரி வருவாயை மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் நிதி ஆணையத்தின் பட்டியலில் புதுச்சேரிக்கு இலை போடுவதில்லை. யூனியன் பிரதேசம் என்று சொல்லிவிடுவார்கள். ஜி.எஸ்.டி. வசூலுக்கு அதே புதுச்சேரி மாநிலம். காப்பீட்டில் பங்கு போடவும் மாநிலத்துக்குச் சமம். பந்தியில் விருந்தாளி இல்லை, மொய் எழுதும்போது மட்டும் சொந்தக்காரன்.

இன்னொன்றும் உண்டு. நான் இந்தக் கார்டோடு கோரிமேட்டு ஜிப்மருக்குப் போய்ப் படுத்தால், டெல்லி நடத்தும் ஆஸ்பத்திரிக்கு டெல்லி 60 கட்டும், நாங்கள் 40 கட்டுவோம். இனாமாக இருந்தது காப்பீடாக முன்னேறியிருக்கிறது.

அன்றைக்குச் சிரித்துவிட்டு எழுந்தோம். சித்திரையில் எனக்குக் குடலிறக்கம் வந்தது.

வீட்டுக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று மகன் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். பெயர் எதற்கு? வாசலில் ஆயுஷ்மான் ஐந்து லட்ச கார்டு ஏற்கப்படும் என்று போர்டு. காப்பீட்டு மேஜையில் இருந்த பெண் என் விரலை மெஷினில் வைக்கச் சொன்னாள். பதியவில்லை. துடைத்து வைத்தேன், ஊதி வைத்தேன். நாற்பது வருஷம் பேரேடு புரட்டி, நோட்டு எண்ணி, ரேகை தேய்ந்துவிட்டது. "தாத்தா, வேற விரல் குடுங்க" என்றாள். பத்து விரலும் கொடுத்த பிறகு, மகனின் போனுக்கு வந்த எண்ணில் நான் நானே என்று உறுதியானது.

"அப்ரூவல் வரணும் சார். அதுவரைக்கும் பத்தாயிரம் அட்வான்ஸ் கட்டிடுங்க, வந்ததும் திருப்பிக் குடுத்துடுவோம்" என்றாள் மகனிடம்.

"கார்டுக்குத்தான் பணமே கட்ட வேணாமே?"

"கட்ட வேணாம் சார். இது சும்மா."

சும்மா பத்தாயிரம் கட்டினோம். ஆபரேஷன் நன்றாக நடந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தேன். பத்தாயிரம் வரவில்லை. மகன் நாலு தடவை நடந்தான். ஐந்தாவது தடவை நானே போனேன்.

"மேலேருந்து இன்னும் பணம் வரலை தாத்தா."

"எந்த மேலேம்மா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ரெண்டு மேலேருந்தும்."

அறுபது வருஷம் கழித்து அப்பாவின் மௌனம் எனக்குப் புரிந்தது. அன்று சர்க்கார் எது என்று தெரியவில்லை, சீட்டில் தொகையும் இல்லை. இன்று இரண்டு சர்க்கார், விகிதம் புள்ளி சுத்தமாக இருக்கிறது, இரண்டு பங்கும் வந்து விழத் தனி வங்கிக் கணக்கும் இருக்கிறது. நடுவில் பத்தாயிரம் ரூபாய்தான் யாருடையது என்று தெரியாமல் நின்றது. ஆறாவது தடவை திருப்பிக் கொடுத்தார்கள். மொத்தமாகத்தான் கொடுத்தார்கள், அறுபதும் நாற்பதுமாகப் பிரித்துக் கொடுக்கவில்லை.

குறை மட்டும் சொல்லிப் போனால் அது நியாயமான ஐந்தொகை ஆகாது. அப்பாவுக்கு இதே குடலிறக்கம் இருந்தது. பட்டை கட்டிக்கொண்டு பதினைந்து வருஷம் தறியில் நின்றார். கத்தி வைக்கப் பயம் பாதி, கூலி போய்விடுமே என்ற பயம் பாதி. எதிர்வீட்டில் ஆட்டோ ஓட்டுகிறவருக்கு இந்தக் கார்டில் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள், இன்னும் ஓட்டுகிறார். சிவப்புத் தண்ணீர் இதயத்தைத் திறந்திருக்காது. பங்கு பிரிப்பதில் தவறில்லை. பங்காளிகள் எங்களை எந்தப் பெயரில் சேர்ப்பது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும்: ஒன்று மாநிலம் என்று இலை போடட்டும், இல்லை யூனியன் பிரதேசம் என்று மொய்யை விடட்டும்.

ஆனால் கார்டு கொடுக்கும் ஐந்து லட்சமும் படுத்தால்தான். நின்றுகொண்டு வைத்தியம் பார்ப்பவனுக்கு, அதாவது மாதா மாதம் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வாங்குகிறவனுக்கு, அதில் ஒரு பைசா கிடையாது. என் வயதில் முக்கால்வாசி வைத்தியம் நின்றுகொண்டுதான்.

அதற்கு நான் இப்போதும் பெரியாஸ்பத்திரிக்குத்தான் போகிறேன். சீட்டு போட்டு, வரிசையில் நின்று, ஜன்னலில் வாங்கி வருகிறேன். பாட்டில் மட்டும் கொண்டுபோக வேண்டியதில்லை.