பாதாம் போதுமா?

கேள்வி: மறதி வராமலிருக்க வல்லாரை, ஊறவைத்த பாதாம் என்று தேடித் தேடிச் சாப்பிடுகிறார் என் அப்பா. வயது 70. பலன் உண்டா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: சாப்பிடட்டும், நல்லதுதான். ஆனால், ஒற்றைப் பாதாம் மேல் குடும்பப் பொறுப்பு முழுவதையும் சுமத்தாதீர்கள்! உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, நாம் சும்மா உட்கார்ந்திருந்தாலும் 20 சதவீத ஆற்றலை வாங்கிக்கொள்ளும். அத்தனையும் ரத்தக்குழாய் வழியாகத்தான் போய்ச் சேர வேண்டும். அதனால் ஊறுகாய், அப்பளம், வடகத்தில் ஏறும் உப்பும், அடங்காத சர்க்கரையும் இதயத்தோடு நிற்பதில்லை. மூளையையும் பதம் பார்க்கும்.

கீரை, பயறு, முழுத்தானியம், கொட்டைகள், மீன் அடங்கிய 'மைண்ட்' உணவுமுறையை சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழகத்தில் மார்த்தா கிளேர் மோரிஸ் குழுவினர் 2015இல் முன்வைத்தார்கள். அப்படிச் சாப்பிட்டவர்களிடம் அல்சைமர் குறைவாகக் காணப்பட்டது. ஆனால் 604 பேரிடம் 3 ஆண்டுகள் நடத்திய சோதனையில், 2023இல் வந்த முடிவு பெரிய வித்தியாசம் எதையும் காட்டவில்லை. அறுபது வருடச் சாப்பாட்டை மூன்று வருடத்தில் ஈடுகட்டிவிட முடியாது என்றே நான் நினைக்கிறேன். நீங்கள் இப்போதே தொடங்குங்கள்.

அப்பா சைவமா? சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடமாகச் சாப்பிடுகிறாரா? அப்படியானால் வைட்டமின் பி12 குறைந்திருக்கலாம். அதனாலும் மறதி வரும். சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். பாதாமிலும் வல்லாரையிலும் பி12 கிடையாது. அடுத்த பாதாம் பொட்டலத்துக்கு முன்னால், மருத்துவரிடம் கேட்டு ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.