‘ஈ’ என்னும் ஜப்பானியப் பெயரடை: ஓசூர்த் தொழிற்பேட்டை வழக்கை முன்வைத்து

‘ஈ’ என்பது ஜப்பானிய மொழியில் ‘நல்ல’ எனப் பொருள்படும் பெயரடை. ஓசூருக்கும் ஜப்பானுக்கும் தொடர்பு பழையது. 1984இல் இங்கே இந்த்-சுசுகி மோட்டார் சைக்கிள் உருவாயிற்று. 2001இல் டிவிஎஸ் கூட்டிலிருந்து சுசுகி விலகிக்கொண்டது. 2002இல் டிவிஎஸ் மோட்டார் ஜப்பானின் டெமிங் தரப் பரிசு பெற்றது. ‘கைசன்’ (தொடர் மேம்பாடு) முதலிய ஜப்பானியப் பெயர்ச்சொற்களைச் சுவரில் எழுதி மாட்டினால் போதும். பெயரடையை வாயால் சொல்லியாக வேண்டும்.

திரிபு: தமிழ் வினைக்குறிப்பு காலத்தை வெளிப்படையாகக் காட்டாது, ஜப்பானியப் பெயரடை காட்டும். ‘ஈ’யின் இறந்தகாலம் ‘யொக்கத்தா’, எதிர்மறை ‘யொக்குநை’. காரணம் கேட்பவர் தேறுவதில்லை.

பொருள்: ‘ஈ தெசு நே’ ஆமோதிப்பு. ‘ஈ தெசு யோ’ அனுமதி. ‘இன்னும் கொஞ்சம் காபி?’ என்றால் வரும் வெறும் ‘ஈ தெசு’ பெரும்பாலும் ‘வேண்டாம்’. கேன்டீன் உரையாசிரியர்கள் இங்கேதான் பிரிகின்றனர். ‘நல்லது’ என்று கொண்டு ஊற்றுவர் ஊற்றுக் கொள்கையினர் (காண்க: மூன்றாம் மேசைக் கறை). விருந்தாளியின் உள்ளங்கை டம்ளரை மூடியதா என்று பார்ப்பர் கைக் கொள்கையினர் (காண்க: தேன்கனிக்கோட்டை பஸ், பின்னிருக்கைக் கீறல், கம்பிக்கு இடப்புறம்). ஊற்றியபின் கையைப் பார்க்கலாம் என்பது மூன்றாவது கட்சி (காண்க: இரவு ஷிப்ட் பதிவேட்டின் பின்னட்டை, எண்ணெய்ப் பிரதி, எண்ணெய் படாத பிரதியில் இவ்வரி இல்லை, ஆகவே எண்ணெயே மூலபாடம், எழுத்து இடைச்செருகல்). இம்மூன்றையும் மறுத்து நான்காவதை நிறுவுவதற்குள் காபி ஆறிவிடும். அதுவும் ஆய்வுமுறைதான்.

ஓசூர்க்காரருக்கு இதில் புதுமை இல்லை. தமிழில் ‘பரவாயில்லை’, கன்னடத்தில் ‘பர்வாகில்லா’, தெலுங்கில் ‘பர்வாலேது’ என்று மும்மொழியிலும் இதே மழுப்பலைச் செய்து பழகியவர் அவர். எல்லைக்கு அந்தப்பக்கம் அத்திப்பள்ளியிலும் டம்ளர் இப்படித்தான் நிறைகிறது.

ஒப்பியல்: ‘ஈ’, ‘தா’, ‘கொடு’ மூன்றில் ‘ஈ’யை இழிந்தோன் இரக்கும் சொல்லாகத் தொல்காப்பியர் வகுத்தார். அங்கே ‘ஈ’ கேட்கிறது; ஜப்பானில் ‘ஈ’ மறுக்கிறது. ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு கண்டார். மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. ஒலி ஒத்தால் உறவு, பொருள் முரண்பட்டால் நெருங்கிய உறவு என்னும் விதியை அவர்கள் இன்னும் கற்கவில்லை போலும். நம்மூர்க் கருத்தரங்குகளில் அது முதல் அமர்விலேயே நிறைவேறிவிடும்.

எழுத்து: ஹிராகனாவில் ஒரே எழுத்து, இருமுறை.