விறைத்த மீனும் புளித்த தயிரும்

கேள்வி: உடம்பு சக்தியை எங்கே சேர்த்து வைக்கிறது? நான் பத்து இடியப்பம் சாப்பிட்டும் பதினொரு மணிக்குக் கண் சொருகுகிறதே! (கல்லடி)

பதில்: கண் சொருகுவதற்கு உங்கள் அலுவலகக் கதிரையை விசாரியுங்கள். சேமிப்பெல்லாம் கொழுப்பிலும் கிளைக்கோசனிலும்தான். ஆனால் கலம் அதைக் கொண்டு நேராக வேலை செய்யாது, அதற்கு ஏ.ரீ.பி. என்ற மூலக்கூறு வேண்டும். அதன் வாலில் மூன்று பொசுபேற்று. கடைசியானது கழலும்போது வரும் சக்தியில் தசை இழுக்கும், நரம்பு பேசும். மிஞ்சிய ஏ.டீ.பி. இழைமணிக்குப் போய் மறுபடி ஒரு பொசுபேற்றை ஏற்றிக்கொண்டு வரும். உடம்பில் ஒரு நேரத்தில் இருக்கும் ஏ.ரீ.பி. கால் கிலோவுக்கும் குறைவு. ஒரு நாளில் செலவாவதோ ஏறக்குறைய உங்கள் எடை அளவு! குருமண்வெளித் துறையில் மிதவைப் பாதை ஓடுவதைப் பார்த்திருப்பீர்களே. அதே பாதைதான், போவதும் வருவதுமாக ஊரையே மண்டூருக்கு இறக்கிவிடுகிறது.

கேள்வி: சந்தையில் மீன் கட்டையாக விறைத்துக் கிடந்தால் பழசா? (காத்தான்குடி)

பதில்: யோசிக்காமல் வாங்குங்கள், ஐஸ்பெட்டியில் உறைந்த விறைப்பாக இல்லாவிட்டால். தசைக்குள் ஒரு புரதம் இன்னொன்றைப் பிடித்து இழுக்கிறது. பிடியை விடவும் ஏ.ரீ.பி. வேண்டும். மீன் செத்ததும் ஒட்சிசன் நின்று ஏ.ரீ.பி. தீர, பிடித்த பிடி அப்படியே நின்றுவிடும். சில மணி நேரத்துக்குப் பிறகு நொதியங்கள் புரதத்தைச் சிதைக்கத்தான் தளர்ச்சி வரும். தீர்ந்த ஏ.ரீ.பி. உடைந்து வருகிற ஐனோசினிக் அமிலம்தான் குழம்புக்குப் பாதி ருசி. இன்னும் வைத்திருந்தால் அதுவும் சிதைந்து கசக்கும். ஆகவே பேரம் பேசலாம், மத்தியானம் வரை பேசக்கூடாது.

கேள்வி: நம்ம எருமைத் தயிர் ஏன் புளிக்கிறது? (ஏறாவூர்)

பதில்: சட்டிக்குள் பற்றீரியாவின் வறுமை. ஒட்சிசன் கொண்டு எரித்தால் ஒரு குளுக்கோசுக்கு முப்பதளவில் ஏ.ரீ.பி.; அதற்குக் கிடைப்பதோ இரண்டு. வயிறு நிரம்ப மேலும் மேலும் தின்கிறது, லக்ரிக் அமிலத்தைக் கழித்துத் தள்ளுகிறது. அதற்குத்தான் நாம் கித்துள் பாணி ஊற்றுகிறோம்.

கேள்வி: இதையெல்லாம் கண்டுபிடித்தது வெள்ளைக்காரர்தானே? (களுவாஞ்சிகுடி)

பதில்: பாதி சரி. 1929 இல் ஜெர்மனியில் லோமன் ஏ.ரீ.பி.யைக் கண்டார். அதே ஆண்டு ஹார்வர்டில் பிஸ்கேயோடு சேர்ந்து கண்டவர் எல்லாப்பிரகத சுப்பாராவ், பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். ஏ.ரீ.பி. உருவாகும் விதத்துக்கு 1997 இல் பாயரும் வாக்கரும் நோபல் வாங்கினார்கள். சுப்பாராவ் 1948 இலேயே போய்விட்டார்.

கேள்வி: பாடும் மீன்கள் சும்மாவா பாடுகின்றன? (புளியந்தீவு)

பதில்: பாடுவது மீனா, ஊரியா என்ற வழக்கே தீரவில்லை. யார் பாடினாலும் தசை அசைந்தால் ஏ.ரீ.பி. செலவுதான். இலவசக் கச்சேரி கேட்பவருக்கு மட்டும்.