ஓசூருக்கு ஆராய்ச்சிக்கு வருகிறவர் கவனத்துக்கு

அரசியல், மதம், மோதல், சமூகப் பிரச்சினை என்று பண்பாட்டு மானிடவியல் கேட்கிற நான்கும் ஒரே ஊரில் கிடைக்க வேண்டும், இரவு தூங்குவதற்கு மட்டும் பெங்களூர் திரும்பிவிட வேண்டும் என்று நினைப்பவருக்கு ஓசூரைவிடத் தோதான ஊர் தமிழ்நாட்டில் இல்லை. எலக்ட்ரானிக் சிட்டியில் அறை எடுங்கள். காலையில் கிளம்பினால் அத்திப்பள்ளி, அதைத் தாண்டியதும் தமிழ்நாட்டு எல்லையில் ஜூஜூவாடி செக்போஸ்ட். களப்பணி தொடங்கியாயிற்று.

கிளம்புமுன் முடிவுரையை எழுதிவிடுவது நல்லது. இரண்டு மொழி, நடுவில் ஒரு கோடு, ஆகவே மோதல்: இவ்வளவு போதும். மைசூருக்குப் பக்கத்தில் ராம்புரா என்று பெயர் மாற்றி எம்.என். சீனிவாஸ் எழுதிய கிராமத்தின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பல ஆண்டுகளாகத் தொகுத்து வைத்த குறிப்புகள் 1970 ஏப்ரலில் ஸ்டான்ஃபோர்டில் நடந்த தீவைப்பில் எரிந்துபோக, மனிதர் நினைவிலிருந்தே மொத்தத்தையும் எழுதி 1976-ல் புத்தகமாக்கினார். உங்களுக்கு அந்தச் சிரமம் வராது. எது எரிந்தாலும் முடிவுரை பத்திரமாக இருக்கும்.

வருகிற நாளைப் பார்த்து வாருங்கள். முகூர்த்தம் பார்க்கிற மாதிரி பந்த் பாருங்கள். காவிரிக்காகக் கன்னட அமைப்புத் தலைவர் வாட்டாள் நாகராஜ் அத்திப்பள்ளியில் மறியலுக்கு உட்காரும் நாள் உத்தமம். தமிழக பஸ்கள் எல்லைக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, குழந்தையை இழுத்துக்கொண்டு ஜனங்கள் நடந்தே எல்லையைத் தாண்டுவார்கள். அட்டைப் படம் ஆயிற்று. 2016 செப்டம்பர் 12-ல் பெங்களூரில் தமிழகப் பதிவெண் பஸ்கள் வரிசையாக எரிந்ததை முதல் பத்தியிலும் 1991 டிசம்பர் காவிரிக் கலவரத்தை இரண்டாம் பத்தியிலும் வைத்துவிட்டால் வாசகர் கையை விட்டுப் போகமாட்டார்.

பந்துக்கு மறுநாள் மட்டும் அந்தப் பக்கம் தலைகாட்டாதீர்கள். முந்தின நாள் நடந்துபோன அதே ஆட்கள் பொம்மசந்திரா கம்பெனிக்கு ஷிஃப்டுக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். அங்கிருந்து சிப்காட்டுக்கு வருகிறவர்கள் எதிரே வந்துகொண்டிருப்பார்கள். சந்தையில் தக்காளி விற்கிற அம்மா ஒருவரிடம் தெலுங்கிலும் அடுத்தவரிடம் கன்னடத்திலும் விலை சொல்லிவிட்டு, உங்களைப் பார்த்ததும் தமிழில், அதுவும் பத்து ரூபாய் கூட்டிச் சொல்வார். இதையெல்லாம் பார்த்துவிட்டால் முதல் அத்தியாயம் நிற்காது.

ஃபிரெட்ரிக் பார்த்தை மேற்கோள் காட்டுவது கட்டாயம். படிப்பது அவரவர் விருப்பம். நான் வேண்டாம் என்பேன். ஆட்கள் எந்நேரமும் கடந்துபோய்க்கொண்டிருந்தாலும் குழு எல்லைகள் அழிவதில்லை, பண்பாட்டைப் பட்டியல் போடுவதை விட்டு எல்லை எப்படிக் காப்பாற்றப்படுகிறது என்று பாருங்கள் என்று 1969-லேயே சொல்லிவிட்டார். படித்தால் தூக்கம் கெடும். இந்தக் கோட்டைக் காப்பாற்றுகிறவர் ஓசூர்க்காரரா, சென்னையிலும் பெங்களூரிலும் ஓட்டு எண்ணுகிறவரா என்று கேட்கத் தோன்றும்.

அப்படிக் கேட்டால் ஒகேனக்கல்லுக்குப் போக வேண்டிவரும். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை, வயதானால் மூட்டு மடங்காது, முதுகு நிமிராது. காவிரியிலிருந்து குடிநீர் கொண்டுவரும் திட்டத்துக்கு 2008 பிப்ரவரியில் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். கர்நாடகத்தில் அது தேர்தல் நேரம். கிளர்ச்சி, பதில் கிளர்ச்சி, உண்ணாவிரதம் எல்லாம் முறைப்படி நடந்தன. அங்கே புதிய அரசு வரட்டும் என்று ஏப்ரலில் திட்டத்தை நிறுத்திவைத்தார். ஜப்பான் கடனில் வேலை முடிந்து, திட்டத்தை ஜெயலலிதா தொடங்கிவைத்தபோது 2013 மே மாதம் ஆகிவிட்டது. நீங்கள் உண்ணாவிரதப் பந்தலை மட்டும் எழுதுங்கள். பல் உங்கள் துறை இல்லை.

மொழிவாரி வரைபடம் போடும்போதும் ஜாக்கிரதை. இந்தத் தொகுதி எம்.பி. கே. கோபிநாத், தமிழ்நாட்டுக் காங்கிரஸ்காரர், ஓசூரின் முன்னாள் எம்.எல்.ஏ., 2024 ஜூனில் மக்களவையில் தெலுங்கில் பதவியேற்றார். எந்த நிறம் தீட்டுவீர்கள்? அடிக்குறிப்பில் தள்ளிவிடுங்கள்.

மதத்துக்கு ஆயுத பூஜை. ரோபோ கைக்குச் சந்தனம் குங்குமம் வைத்த படம் ஒன்று இருந்தால் வெளிநாட்டு ஆய்விதழ்கள் விடாது. ‘மரபும் நவீனமும்’ என்று தலைப்பு வையுங்கள். ஐம்பது வருடமாக விலை போகிற தலைப்பு. பூசணிக்காய் உடைந்த பிறகு யார் கையில் எவ்வளவு போனஸ் வந்தது என்று விசாரிக்காதீர்கள். நிரந்தரத் தொழிலாளி, கான்ட்ராக்ட் ஆள், அப்ரன்டிஸ் என்று ஒரே இயந்திரத்தின் முன்னால் மூன்று வருணம் நிற்பது தெரிந்துவிடும். பெங்களூர் ஆலைகளை ஆராய்ந்து மார்க் ஹோம்ஸ்ட்ராம் 1976-ல் எழுதிய புத்தகம் நிரந்தர வேலையை ஒரு கோட்டையாகவும் மற்றவர்களை வெளியே நிற்பவர்களாகவும் பார்த்தது. இன்று கோட்டைக்குள்ளேயே வெளியாட்கள்தான் அதிகம்.

எருது விடும் விழாவைத் தவறவிட்டால் உங்கள் வழிகாட்டிப் பேராசிரியர் மன்னிக்கமாட்டார். பாலித் தீவுச் சேவல் சண்டையைப் பற்றி கிளிஃபர்டு கீர்ட்ஸ் 1972-ல் எழுதிய கட்டுரை கையில் இருக்கட்டும். 1958-ல் அங்கே போலீஸ் வந்ததும் அவரும் மனைவியும் ஊர் ஜனத்தோடு ஓடி ஒளிந்தார்கள். அதற்குப் பிறகுதான் ஊர் அவர்களிடம் முகம் கொடுத்துப் பேசியது. இங்கே அந்த வழி பலிக்காது. சூளகிரிப் பக்கம் கோபசந்திரத்தில் 2023 பிப்ரவரி 2-ல் விழாவுக்கு அனுமதி தாமதமானதும் யாரும் ஓடவில்லை. பெங்களூர் தேசிய நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். மணிக்கணக்கில் லாரிகள் நின்றன, கல் பறந்தது, தடியடி, கண்ணீர்ப்புகை. இதை வீரம் என்றோ வெறி என்றோ எழுதி முடிக்கலாம். தை, மாசியில் காளையின் கொம்பில் கட்டிய தட்டியைப் பறிக்கப் போகிற பையன் மற்ற மாதங்களில் எந்த கம்பெனியில், யாருடைய கான்ட்ராக்டில், எத்தனை மாத வேலையில் இருக்கிறான் என்று விசாரித்தால் கட்டுரை நீளும். அந்தச் சாலையை மறித்தால்தான் அரசாங்கம் திரும்பிப் பார்க்கும் என்ற கணக்கையும் எழுத வேண்டியிருக்கும்.

பழங்குடி அத்தியாயம் இல்லாமல் மானிடவியலா? முன்பெல்லாம் அதற்கு ராஞ்சிக்கு ரயில் ஏற வேண்டும். 2022-ல் ஜார்க்கண்டிலிருந்து நூற்றுக்கணக்கான பழங்குடிப் பெண்களே சிறப்பு ரயிலில் ஓசூருக்கு வந்து இறங்கினார்கள், டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலை வேலைக்கு. செல்போன் பாகம் செய்கிறவர்கள் என்பதால் உங்கள் பட்டியலில் பழங்குடியாகச் சேரமாட்டார்கள் என்றால் அஞ்செட்டி மலைக்குப் போய்விடுங்கள். மலேசிய ஆலைப் பெண்கள் மீது பேய் இறங்கியதை ஐவா ஓங் 1987-ல் எழுதியதைப் படித்துவிட்டு விடுதி விடுதியாகப் பேய் தேடுகிறவர்களும் உண்டு. அவர் பேய்க்குப் பின்னால் மேற்பார்வையாளரையும் ஷிஃப்ட் நேரத்தையும் பார்த்தார் என்பது அவர்களுக்கு நினைவிருக்காது.

கடைசியாக, சாதி பக்கம் போகவே போகாதீர்கள். ஊரில் யாரும் அதை நேரே சொல்லமாட்டார்கள். “அதெல்லாம் இப்ப யாரு சார் பாக்கறா” என்பார்கள். அப்படியே எழுதிக்கொண்டு கிளம்புங்கள். 2018 நவம்பரில் ஓசூருக்குப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த தலித் இளைஞரையும் அவர் சாதி மாறி மணந்த பெண்ணையும் கடத்திக் கை கால் கட்டிக் காவிரியில் வீசினார்கள். உடல்கள் சிவசமுத்திரம் பக்கம், கர்நாடகத்தில் கிடைத்தன. பெண்ணின் தந்தையும் உறவினர்களும் கைதானார்கள். கொலை செய்யப் போனவர்களுக்கு எல்லை இடைஞ்சலாக இல்லை, எந்தச் செக்போஸ்டும் தடுக்கவில்லை. இரண்டு மாநிலமும் உரிமை கேட்கிற அதே ஆறு. இந்தச் சாவுக்காக அத்திப்பள்ளியிலும் பந்த் இல்லை, ஜூஜூவாடியிலும் பந்த் இல்லை.

இதற்கு உங்கள் ஆய்வேட்டில் இடமில்லை என்றால், தலைப்பில் இருக்கிற ‘மோதல்’ என்ற சொல்லைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.